அணைக்கத் தெரிந்த பெட்டி: சீரியல் லைட்டின் கதை

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, பாதி எழுதி அப்படியே கிடப்பில் கிடந்த மேட்டர் இது. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

சீரியல் செட் தெரியாதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. கல்யாண வீடு, கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் ஸ்டார், கட்சி மாநாடு எல்லாத்துக்கும் கட்டுறதுதான். அதை எரிய வைக்கிறது ஒரு பெரிய வித்தையே இல்லை. பிளக்கைச் சொருகினா எரியும். ஆனா எந்த பல்பை, எந்த நொடியில், எவ்வளவு மெதுவா அணைக்கிறது? இதுக்குத்தான் 140 வருஷமா மனுஷங்க மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. வீட்டு வாசல்ல பாட்டுக்கு ஏத்த மாதிரி ஆடுற விளக்குகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியில இருந்து வந்ததுதான். கதை பெரும்பாலும் அமெரிக்காவுல நடக்குது. நடுவுல நம்ம ஊர் கோயில் வாசலையும் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வருவோம்.

சுத்துற மரம்

1882 டிசம்பர் 22. நியூயார்க் நகரம். எடிசனின் கூட்டாளியும் எடிசன் மின்விளக்குக் கம்பெனியின் துணைத் தலைவருமான எட்வர்டு ஜான்சன் தன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் 80 குட்டி பல்புகளைக் கட்டினார். சிவப்பு, வெள்ளை, நீலம். ஒவ்வொண்ணும் ஒரு வால்நட் கொட்டை சைஸ். அதுவரைக்கும் மரத்துல மெழுகுவத்தி தான். காய்ஞ்ச ஊசியிலை மரம், அதுல நெருப்பு. பக்கத்துல ஒரு வாளி தண்ணி வச்சுக்கிட்டுத்தான் பண்டிகையே கொண்டாடணும். அந்த லட்சணத்துல இருந்தது நிலைமை.

நியூயார்க் பத்திரிகைகள் இதை விளம்பர ஸ்டண்ட்னு நெனச்சு கண்டுக்கலை. டெட்ராய்ட் பத்திரிகைக்கு எழுதிக்கிட்டு இருந்த ஒரு நிருபர் மட்டும் நேர்ல போய்ப் பார்த்து எழுதினார். அதனாலதான் நமக்கு விவரமே கிடைக்குது. (உள்ளூர்க்காரன் மதிக்காததை வெளியூர்க்காரன் எழுதுறது அப்பவே இருந்திருக்கு!)

அவர் எழுதினதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்த மரம் சும்மா எரியலை என்பது. ஒரு பெட்டி மேல நின்னு நிமிஷத்துக்கு ஆறு தடவை சுத்திச்சு. சுத்தும்போதே ஒவ்வொரு நிறமா அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. அதாவது மின் விளக்கு கட்டின முதல் கிறிஸ்துமஸ் மரத்துக்கே ஒரு கன்ட்ரோலர் இருந்திருக்கு. மரத்தோட சுழற்சிதான் சுவிட்ச். சுத்தச் சுத்த ஒரு தொடர்பு விடும், அடுத்தது ஒட்டும். பார்க்க வந்தவங்களை வாயைப் பிளக்க வச்சது பல்பு எரிஞ்சது மட்டும் இல்லை. அது அணைஞ்சு மறுபடி எரிஞ்சதும்தான்.

ஒரு கணக்கு

அப்புறம் 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல, ஒயரோட சேர்த்துக் கோத்த செட்டுகள் கடைக்கு வந்தது. அதோட பள்ளிக்கூட இயற்பியல் பாடமும் சேர்ந்தே வந்துடுச்சு. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். 15 வோல்ட் பல்பை எட்டு எண்ணம் வரிசையா தொடுத்தா 8 x 15 = 120. கணக்கு சரி. பின்னாடி வந்த அரிசி பல்பு 2.5 வோல்ட். அதை 50 தொடுத்தாங்க. நம்ம ஊர்ல 230 வோல்ட், அதனால 6 வோல்ட் பல்பா இருந்தா நாப்பதுக்குப் பக்கத்துல வேணும். 'சீரியல்' என்ற பேரே இந்தத் தொடர் இணைப்பால வந்ததுதான். டிவி சீரியலுக்கும் இதுக்கும் ஒரே சம்பந்தம், ரெண்டுமே இழுவை :-)

தொடர் இணைப்புல ஒண்ணு போனா எல்லாம் போச்சு. எந்த பல்பு போச்சுன்னு ஒவ்வொண்ணா கழட்டி மாட்டிப் பார்க்கணும். அதுக்கு வைத்தியமா அரிசி பல்புக்குள்ளேயே, இழை அறுந்தா மின்சாரத்தை வேற வழியா கடத்தி விடுற ஒரு சின்னக் கம்பிச் சுத்தை வச்சாங்க.

ஆனா இதே பலவீனத்தை ஒருத்தன் பலமா மாத்திட்டான் பாருங்க, அதுதான் கில்லாடித்தனம். ஒரே ஒரு பல்புல மட்டும் ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு பட்டை. சூடானா வளையும், தொடர்பு விடும். ஆறினா நிமிரும், ஒட்டும். இந்த ஒத்த பல்பு அணையும்போது செட்டு முழுக்க அணையும். சிப்பும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. உலகத்துலேயே ரொம்ப மலிவான விளக்குக் கன்ட்ரோலர் இதுவாத்தான் இருக்கும்.

டிரம்மும் டிம்மரும்

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஊர் அம்மன் கோயில் திருவிழாவுல வாசல்ல ஆளுயரத்துக்கு மூணு மடங்கு பெரிய சீரியல் தட்டி நிறுத்துவாங்க. அம்மன் கையில சூலம், தலைக்குப் பின்னாடி சுத்துற ஒளிவட்டம், காலடியில மயில் தோகை விரிக்கும். எல்லாரும் தட்டிக்கு முன்னாடி நின்னு பார்ப்பாங்க. நாங்க ரெண்டு மூணு பசங்க மட்டும் பின்னாடி போய் நிப்போம். அங்க ஒரு மர உருளை. அது மேல வெட்டி ஒட்டின தகடுகள். சின்ன மோட்டார் அதை மெதுவா சுத்தும். மேல வரிசையா உரசிக்கிட்டு நிக்கிற தகட்டு நாக்குகள்ல இருந்து ஒயர் தட்டிக்குப் போகும். தகடு வந்தா எரியும், மரம் வந்தா அணையும். பொட்டுப் பொட்டுனு நீலமா பொறி பறக்கும்.

தோகை எத்தனை நொடியில விரியணும்னு லைட்டுக்கார அண்ணன் அந்த உருளை மேல தகட்டால எழுதி வச்சிருந்தார். அதுவும் புரோகிராம்தான். கத்தரிக்கோலால எழுதின புரோகிராம். ஜான்சன் வீட்டு மரம் சுத்திச்சு, இங்க உருளை சுத்திச்சு, அவ்ளோதான் வித்தியாசம்.

உருளைக்கு ஒரு குறை உண்டு. அதுக்கு 'எரி', 'அணை' ரெண்டுதான் தெரியும். மெதுவா மங்குறது தெரியாது. மங்க வைக்கணும்னா அந்தக் காலத்துல நாடகக் கொட்டகைகள்ல பெரிய பெரிய மின்தடைகளை வச்சு, மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கணும். 1959ல ஜோயல் ஸ்பிரா என்ற அமெரிக்கர் சுவர்ல சுவிட்ச் இருக்கிற இடத்துக்குள்ளேயே அடங்குற மாதிரி ஒரு டிம்மரைச் செய்தார். 1961ல லூட்ரான் கம்பெனி ஆரம்பிச்சது அதை வச்சுத்தான். 1960கள்ல டிரையாக் என்ற குறைக்கடத்திச் சாமானும் வந்துச்சு.

அதன் வேலை ரொம்ப சிம்பிள். மாறுதிசை மின்சாரம் அமெரிக்காவுல நொடிக்கு 60 தடவை அலை அடிக்குது. ஒவ்வொரு அலைக்கும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பாதி. ஆக நொடிக்கு 120 பாதி அலை. ஒவ்வொரு பாதியிலும் கொஞ்ச நேரம் கதவை மூடி வச்சுட்டு அப்புறம் திறந்தா, பல்புக்கு மிச்சம்தான் போகும். லேட்டா திறந்தா மங்கல், சீக்கிரம் திறந்தா பிரகாசம். ஒருக்கா தட்டிக் கதவைத் திறந்துட்டா, அந்தப் பாதி அலை முடியிற வரைக்கும் அதுவே திறந்து நிக்கும். ஆனா ஒரு நிபந்தனை: குறைஞ்சபட்சம் இவ்வளவு மின்னோட்டம் அது வழியா ஓடிக்கிட்டே இருக்கணும். இல்லைன்னா கதவு சாத்திக்கும். இந்த நிபந்தனையை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வில்லனா வரப்போறது இதுதான்.

பக்கத்து வீட்டுக்காரன் பிரச்சினை

1986ல அர்க்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக் நகரத்துல ஜென்னிங்ஸ் ஆஸ்பார்ன் என்ற தொழிலதிபர், மகள் ஆசைப்பட்டான்னு வீட்டைச் சுத்தி 1,000 விளக்கு கட்டினார். வருஷா வருஷம் பெருகிப் பெருகி 1993 வாக்கில் 30 லட்சத்தைத் தாண்டிடுச்சு. பக்கத்து வீட்டையும் வாங்கி அதுலயும் கட்டினார்! ராத்திரியானா தெரு முழுக்க கார். தெருவுல குடியிருந்தவங்க சொந்த வீட்டுக்குள்ள போக முடியலை. ஆறு பேர் கேஸ் போட்டாங்க. மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஆஸ்பார்ன் தோத்தார். 1995ல அந்த விளக்குகளை டிஸ்னி ஃபுளோரிடாவில் இருந்த தன் பூங்காவுக்குக் கொண்டு போச்சு. 2006ல அங்க அதுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் மாட்டி, பாட்டுக்கு ஆட வச்சாங்க. 2016 ஜனவரியோட அந்தக் காட்சி நின்னு போச்சு.

இந்தக் கதையில யாரும் வில்லன் இல்லை. மகளுக்காகக் கட்டினவர் மேலயும் தப்பு சொல்ல முடியலை. வேலை முடிஞ்சு களைச்சு வந்து வீட்டுக்குள்ள நுழைய முடியாதவங்க மேலயும் தப்பு சொல்ல முடியலை. ஸ்பீக்கர் கட்டின தெருவுல பரீட்சைக்குப் படிச்ச நம்மாளுங்களுக்கு இது நல்லாவே புரியும்.

அடுத்தது 2004. ஒஹையோ மாநிலம் மேசன் என்ற ஊர். கார்சன் வில்லியம்ஸ் என்ற எஞ்சினியர் 16,000 விளக்குகளை 'லைட்-ஓ-ராமா' கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்ல மாட்டினார். மொத்தம் 88 சேனல். ஒவ்வொரு சேனலும் ஒரு டிரையாக் கதவு. கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து, ட்ரான்ஸ்-சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ராவின் 'விசார்ட்ஸ் இன் விண்டர்' பாட்டுக்கு, எந்த நொடியில எந்தக் கதவு திறக்கணும்னு ரெண்டு மாசம் போல எழுதினார். சத்தம் அக்கம் பக்கத்தைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பாட்டை ஸ்பீக்கர்ல போடலை. சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வச்சு, காருக்குள்ள ரேடியோவுல கேட்டுக்கிற மாதிரி செஞ்சார். ஆஸ்பார்ன் கதையில வந்த பாதிப் பிரச்சினைக்கு இவர் எவ்வளவு நாசூக்கா வழி கண்டுபிடிச்சார் பாருங்க.

2005 கடைசியில் அந்த வீடியோ இணையத்துல தீயா பரவிச்சு. பீர் விளம்பரத்துலயும் வந்துச்சு. கார் கூட்டம் அலைமோதிச்சு. டிசம்பர் முதல் வாரத்துல அந்தப் பகுதியில ஒரு விபத்து. நெரிசல்ல போலீஸ் உள்ள வர சிரமப்பட்டாங்க. வில்லியம்ஸ் விளக்குக் காட்சியை நிறுத்திட்டார். கோர்ட் உத்தரவு எதுவும் இல்லை, அவரே அணைச்சார். 88 சேனல் எழுதினதை விட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது.

புதுசு வந்து பெட்டியைக் குழப்பியது

இதே காலத்துலதான் எல்.ஈ.டி. உள்ள நுழையுது. 1962ல நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.ஈ.டி.யைக் காட்டினார். பிரகாசமான நீலம் வர 1993 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதிச்சதுக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல நோபல் பரிசு. நீலம் வந்ததும் வெள்ளையும் வந்துச்சு, கிறிஸ்துமஸ் செட்டும் மாறிச்சு. 2007ல நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர் மரத்துல 30,000 எல்.ஈ.டி. கட்டினாங்க. ஒரு நாள் மின்செலவு 3,510 யூனிட்ல இருந்து 1,297 யூனிட்டா இறங்கிடுச்சு. வீட்டு அளவுல பார்த்தா, 100 பல்பு அரிசி செட் சுமார் 40 வாட் இழுக்கும். எல்.ஈ.டி. செட்டுக்கு ஐஞ்சு வாட் கூட வேண்டாம்.

சந்தோஷமா எல்.ஈ.டி. செட்டை வாங்கிட்டு வந்து பழைய பெட்டியில மாட்டினா, ஆரம்பிச்சுது கூத்து. மங்கச் சொன்னா படபடன்னு துடிக்கும். மெதுவா ஏறச் சொன்னா டக்னு முழுசா எரியும். இன்னும் மோசம், அணைன்னு சொன்ன பிறகும் மினுக் மினுக்னு லேசா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பேய் வீடு மாதிரி.

காரணம் மூணு.

முதல் காரணம், அந்த நிபந்தனை. டிரையாக் கதவு திறந்து நிக்க, வகையைப் பொறுத்து பத்து இருபது மில்லி ஆம்பியராவது ஓடணும். 40 வாட் பழைய செட் 330 மில்லி ஆம்பியர் இழுத்துச்சு, பிரச்சினையே இல்லை. எல்.ஈ.டி. செட் முழு வெளிச்சத்துலேயே 20, 40 தான். மங்க ஆரம்பிச்சா அதுக்கும் கீழ. கதவு திறந்த உடனே சாத்திக்குது. அதான் துடிப்பு.

ரெண்டாவது, கசிவு. டிரையாக்கைப் பாதுகாக்கிற சின்ன சர்க்யூட் வழியா, அணைச்ச நிலையிலும் கொஞ்சூண்டு மின்சாரம் கசியும். இழை பல்புக்கு அது உறைக்கவே உறைக்காது, சூடாகிறதுக்கே பத்தாது. எல்.ஈ.டி.க்கோ ஒரு மில்லி ஆம்பியர் போதும், சிரிச்சுக்கிட்டே எரியும்.

மூணாவது, வேகம். இழைக்குச் சூடாகவும் ஆறவும் நேரம் வேணும். அதனால பெட்டி தாறுமாறா உத்தரவு போட்டாலும் இழை அதை மெழுகி மென்மையா காட்டிடும். எல்.ஈ.டி. கண் இமைக்கிறதுக்கு முன்னாடி எரிஞ்சு அணைஞ்சுடும். பெட்டியோட ஒவ்வொரு படியும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். நாம அழகுன்னு நெனச்ச அந்த மெதுவான மங்கல்ல பாதி, பெட்டியோட திறமை இல்லை, இழையோட சோம்பேறித்தனம்!

போதாததுக்கு மலிவான எல்.ஈ.டி. செட்டுகள் அலையின் ஒரு பாதியில மட்டும்தான் எரியும். நொடிக்கு 120க்குப் பதில் 60 மின்னல். நம்ம ஊர்னா 50. தலையைத் திருப்பினா புள்ளி புள்ளியா தெரியும்.

இதுக்கு ஆர்வலர்கள் கண்டுபிடிச்ச வைத்தியம் என்ன தெரியுமா? அதே சேனல்ல ஒரு பழைய 7 வாட் இரவு விளக்கு பல்பை இணையா மாட்டி, அதைச் செடிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிறது. அது ஒரு 58 மில்லி ஆம்பியர் இழுக்கும். கதவு திறந்து நிக்கும். கசிவையும் அதுவே குடிச்சுடும். எல்.ஈ.டி. சொன்ன பேச்சு கேட்கும். அப்புறம் நாகரிகமா பல்புக்குப் பதில் மின்தடையை வச்சாங்க. மென்பொருள்லயும், எல்.ஈ.டி.க்கு ஏத்த மாதிரி வெளிச்ச ஏற்ற இறக்கத்தை வளைச்சுக் கொடுக்கிற வசதி வந்துச்சு.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னு யோசிச்சேன். எதிர்ல கனமான ஒரு சுமை இருக்கும்னு நம்பித்தான் அந்தப் பெட்டியைச் செஞ்சாங்க. சுமை குறைஞ்சதும் அதுக்கு வேலை ஓடலை. புதுசு ஒழுங்கா நடக்கணும்னா மறைவுல ஒரு பழசு எரிஞ்சாகணும். கூட்டுக் குடும்பத்துல வளர்ந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

மூளை இடம் மாறியது

ஒட்டு வேலை எத்தனை நாளைக்கு? அடுத்த கட்டத்துல கதவையே தூக்கிப் போட்டாங்க. 2010ல ஜி.ஈ. பேர்ல 'கலர் எஃபெக்ட்ஸ்' என்ற செட் கடைக்கு வந்துச்சு. 50 பல்பு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சிப். ரிமோட்ல கம்பெனி கொடுத்த சில ஆட்டங்களை மட்டும் போட்டுக்கலாம். ஒரு ஆர்வலர் அதைப் பிரிச்சு, டேட்டா ஒயர்ல என்ன ஓடுதுன்னு அளந்து பார்த்தார். ஒரு உத்தரவுக்கு 26 பிட். 6 பிட் எந்த பல்புன்னு சொல்ல, 8 பிட் வெளிச்சத்துக்கு, நிறம் ஒண்ணுக்கு 4 பிட் வீதம் 12. கண்டுபிடிச்சதைப் பூட்டி வைக்காம இணையத்துல போட்டுட்டார். அப்புறம் என்ன, ஆர்டுயினோ வச்சிருந்தவன் எல்லாம் பெட்டியைக் கழட்டிப் போட்டுட்டு சொந்தமா ஆட வைக்க ஆரம்பிச்சான்.

அதுக்கப்புறம் 2010களின் முற்பகுதியில் சீனாவின் வேர்ல்டுசெமி கம்பெனியோட டபிள்யூ.எஸ்.2811 சிப் வந்து எல்லாத்தையும் புரட்டிப் போட்டுச்சு. இதுல முகவரியே கிடையாது. பந்தியில இலை போட்டு வரிசையா சோறு வர்ற மாதிரி, முதல் சிப் தனக்குண்டான 24 பிட்டை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அடுத்தவனுக்குத் தள்ளிவிடும். நொடிக்கு 8 லட்சம் பிட். ஒரு பல்புக்கு 30 மைக்ரோ நொடி. 1,000 பல்புக்கும் சொல்லி முடிக்க 30 மில்லி நொடி. ஆக நொடிக்கு 33 தடவை மொத்தப் படத்தையும் மாத்தலாம். சினிமாவுக்கே 24 தான்!

மேடை விளக்குக்காரங்க 1986லயே உருவாக்கி வச்ச டி.எம்.எக்ஸ். 512 முறையையும், அதை நெட்வொர்க் கேபிள்ல அனுப்புற முறையையும் வீட்டு ஆர்வலர்கள் எடுத்துக்கிட்டாங்க. ஒரு தொகுப்புல 512 சேனல், பல்புக்கு மூணு நிறம், அதனால தொகுப்புக்கு 170 பல்பு. 2004ல 16,000 விளக்குக்கு 88 சேனல். இப்போ ஒத்த பல்புக்கே மூணு சேனல். எக்ஸ்லைட்ஸ் மாதிரி இலவச மென்பொருளை ஆர்வலர்களே எழுதிக் கொடுக்கிறாங்க.

தொல்லை தீர்ந்துச்சான்னா அதுவும் இல்லை. 5 வோல்ட் செட்டை நீளமா இழுத்தா, ஒயர்லேயே வோல்ட் குறைஞ்சு, கடைசி பல்புகள்ல வெள்ளை சிவந்து போகும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும், நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வேணும், அதான் காரணம். நடு நடுவுல மறுபடி மின்சாரம் ஊட்டணும்.

நம்ம ஊர் கோயில் தட்டிகளுக்கும் இந்த சிப் வந்து சேர்ந்துடுச்சு. எஸ்.டி. கார்டு சொருகுற உள்ளங்கை சைஸ் பெட்டி ஒண்ணு போதும். மயில் தோகை முன்னைவிட நூறு மடங்கு நிறத்தோட விரியுது. உருளையில கை வைச்சா ஷாக், பொறி பட்டா தீ, அந்த ஆபத்தெல்லாம் குறைஞ்சது பெரிய நல்லது. ஆனா அந்த உருளையைப் பார்த்தா ஒரு பையனுக்குப் புரியும், எது தகடு, எது மரம்னு. புதுப் பெட்டியைத் திறந்து பார்த்தா ஒண்ணும் புரியாது. பிரிச்சு அளந்து, கண்டதை எல்லாருக்கும் சொல்ற அந்த முகம் தெரியாத ஆளுங்க இருக்கிற வரைக்கும்தான் இது நம்ம கையில இருக்கும். நம்ம பதிவுகளுக்கும் இது பொருந்தும்னு தோணுது.

இன்னொண்ணு. 1,000 பல்பும் சொன்ன நொடியில அணையிற மாதிரி சிப் வந்தாச்சு. எப்போ அணைக்கணும்னு சொல்ற சிப் இன்னும் வரலை. ராத்திரி பத்து மணிக்கு மேல எதிர்வீட்டுக் கைக்குழந்தை தூங்குமேன்னு யோசிக்கிறது இன்னும் ஆள் வேலைதான்.

டிஸ்கி: 230 வோல்ட்ல விளையாடுறதுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டுங்க மக்களே. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. ஏன்னு மேல 'கசிவு' பத்தியைப் படிச்சவங்களுக்குத் தெரியும் :-)